தோற்றவர் கையெழுத்து: நெருக்கடி நிலைக்குப் பிறகு எது சரியானது, எது ஆகவில்லை

1975இல் இந்திரா காந்தி அரசு அறிவித்த நெருக்கடி நிலையை விலக்கியது, 1977 தேர்தலில் வென்ற ஜனதா அரசு என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1977 மார்ச் 21 அன்று அதை விலக்கியது, தேர்தலில் தோற்றுப்போன இந்திரா காந்தியின் அரசேதான். ஜனதா அரசு பதவிக்கு வந்து மார்ச் 27 அன்று விலக்கியது வேறொன்றை. 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போரின்போது அறிவித்த நெருக்கடி நிலை அது. போர் இரண்டே வாரத்தில் முடிந்தும் அதை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை; ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. ஆக 1975 ஜூனுக்குப் பிறகு நாட்டில் ஒரே சமயத்தில் இரண்டு நெருக்கடி நிலைகள் இருந்தன.

பாடநூல் கதை அத்தோடு முடிந்துவிடும்: மக்கள் வாக்களித்தார்கள், ஜனநாயகம் பிழைத்தது. ஆனால் மூன்று ஆண்டுகூட நிறையாமல், 1980 ஜனவரியில், அதே இந்திரா காந்தி 353 இடங்களுடன் திரும்பி வந்தார். இடையில் அரசமைப்புச் சட்டத்தைச் சரிசெய்தார்கள், விசாரணை ஆணையம் அமைத்தார்கள், கைது செய்தார்கள், நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றினார்கள். இவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. தோற்ற கட்சியும் கையெழுத்திட வேண்டியிருந்த இடங்களில் செய்த பழுதுபார்ப்பு இன்றுவரை நிற்கிறது. வென்றவர்கள் தங்கள் பெரும்பான்மையை மட்டும் வைத்துச் செய்தவை மூன்று ஆண்டுகளில் அவர்கள் மீதே திரும்பின. இரு தரப்புக்கும் பயன்பட்ட கோளாறுகளை யாரும் தொடவேயில்லை.

முதலில் நின்றதைப் பார்ப்போம். 1975 ஜூன் 25 இரவு குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டபோது அமைச்சரவை கூடவில்லை. அலுவல் நடத்தை விதிகளில் 12ஆம் விதியின்படி பிரதமர் தன் பொறுப்பில் முடிவெடுத்துப் பிறகு அமைச்சரவையின் ஒப்புதல் பெறலாம். அந்த விதியைக் காட்டியே பரிந்துரை போனது. அமைச்சர்களுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். அதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதாகியிருந்தார்கள். டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரம் நின்றிருந்தது. நெருக்கடி நிலை அறிவிக்க அதிகாரம் தரும் அரசமைப்பின் பிரிவு 352 அன்று கேட்டதெல்லாம் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணமும் இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையும்தான். ஒருமுறை ஒப்புதல் கிடைத்துவிட்டால் காலவரம்பே கிடையாது. 1971 அறிவிப்பு அப்படிக் கிடந்ததற்கும் இதுவே காரணம்.

ஜனதா அரசு கொண்டுவந்த 44ஆவது அரசமைப்புத் திருத்தம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வராமல் குடியரசுத் தலைவர் அறிவிக்கவே முடியாது. 12ஆம் விதிக்கு அங்கே வேலையில்லை. இரண்டு மாதம் ஒரு மாதமானது. ஒப்புதலுக்கு இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஒவ்வோர் ஆறு மாதமும் அதே பெரும்பான்மையோடு புதுப்பிக்க வேண்டும். ஆனால் விலக்குவதற்கு மக்களவையின் சாதாரணப் பெரும்பான்மை போதும். உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் 14 நாளுக்குள் அவையைக் கூட்டியாக வேண்டும். நுழைவது கடினம், வெளியேறுவது எளிது என்ற அமைப்பு. யோசித்து எழுதியவர்கள் எழுதியது என்பது வரிக்கு வரி தெரிகிறது. சட்ட அமைச்சர் சாந்தி பூஷண், அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ராஜ் நாராயணுக்காக இந்திராவின் தேர்தலை எதிர்த்து வாதாடிய அதே வழக்கறிஞர்.

இதைவிட முக்கியமானது, நெருக்கடி நிலையில் அடிப்படை உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்திவைக்க உதவும் பிரிவு 359இல் செய்த மாற்றம். பிரிவு 20 (குற்ற வழக்கில் சிக்கியவருக்கான காப்பு), பிரிவு 21 (உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமை) ஆகியவற்றைச் செயல்படுத்தக் கோரும் உரிமையை இனி எந்த நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனு போட யாருக்கும் உரிமையில்லை என்றார்கள். எதிர்த்து எழுதிய ஹெச்.ஆர். கன்னா, தலைமை நீதிபதி ஆகவேண்டிய முறை வந்தபோது தாண்டிப்போகப்பட்டார். அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே திருத்திக்கொள்ளக் காத்திராமல் நாடாளுமன்றம் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. நீதிமன்றம் அதை முறைப்படி நிராகரித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை வழக்கில். இடையில் 41 ஆண்டுகள். நீதிமன்றங்களை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

இனி வாக்குக் கணக்கு. ஜனதாவுக்கு மக்களவையில் அறுதிப் பெரும்பான்மை இருந்தது. மாநிலங்களவை காங்கிரஸ் கையில். அரசமைப்புத் திருத்தத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சில பிரிவுகளுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியும் ஒப்ப வேண்டும். எனவே நெருக்கடி நிலையின்போது 1976இல் இந்திரா அரசு நிறைவேற்றிய 42ஆவது திருத்தத்தை ஒரே வெட்டில் நீக்கிவிடலாம் என்ற பேச்சு ஆரம்பத்திலேயே அடங்கியது. பேரம் பேச வேண்டியிருந்தது. முதலில் 43ஆவது திருத்தம், உயர் நீதிமன்றங்களிடமிருந்து பறித்த அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு 44ஆவது: மக்களவையில் 1978 ஆகஸ்டில் நிறைவேறி, மாநிலங்களவையில் சில பிரிவுகள் வெட்டுப்பட்டு, டிசம்பரில் மக்களவை அந்த வெட்டுகளை ஏற்றுக்கொண்டு, 1979 ஏப்ரல் 30 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது.

வெட்டுப்பட்டவற்றில் ஒன்று நம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கிறது. 42ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதைத் திருப்பித் தரும் பிரிவு மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தோற்றது. நீட் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் ஒவ்வொரு வாதத்துக்கும் அடியில் அந்த வாக்கெடுப்பு இருக்கிறது. அரசமைப்பின் அடிப்படைகளைத் தொட்டால் மக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்ற யோசனையும் அங்கேயே விழுந்தது.

பேரத்தில் இழந்தது நிறைய. ஆனால் பேரம் பேசியதால்தான் மிச்சம் நின்றது என்பது என் கணிப்பு. 1980இல் இந்திரா திரும்பியபோது 'ஆயுதக் கிளர்ச்சி'யை மறுபடி 'உள்நாட்டுக் குழப்பம்' ஆக்க அவர் முயலவில்லை. தன் கட்சியும் சேர்ந்து நிறைவேற்றியதை மாற்ற அரசியல் காரணம் வேண்டும். மாநிலங்களவையில் எண்ணிக்கையும் வேண்டும். இரண்டும் அவரிடம் இல்லை. இரண்டும் வாய்த்த காலத்தில் ஒரு முயற்சி நடந்தது. 1988இல் ராஜீவ் காந்தி அரசு 59ஆவது திருத்தத்தின் மூலம் பஞ்சாபுக்கு மட்டும் 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை மீட்டது. பிரிவு 21க்கான காப்பையும் அங்கே தளர்த்தியது. அதைப் பயன்படுத்தி நெருக்கடி நிலை அறிவிக்கவில்லை. ஆட்சி மாறியதும் 1990 ஜனவரியில் 63ஆவது திருத்தம் அதை நீக்கியது.

எதிர்க்கட்சியும் சேர்ந்து கை தூக்கினால் போதுமா என்றால், போதாது. இலங்கையைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 28 அன்று 19ஆவது திருத்தம் 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 212 வாக்குகளுடன் நிறைவேறியது, எதிர்த்தவர் ஒருவர். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்தது, சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு அரசியலமைப்புப் பேரவை வழியாக நியமனம் வைத்தது. 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, அது செல்லாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளிக்க முடிந்தது அந்தத் திருத்தத்தால்தான். ஆனால் 2020 அக்டோபர் 22 அன்று, கோட்டாபய ராஜபக்ச வந்த பிறகு, 156 வாக்குகளுடன் நிறைவேறிய 20ஆவது திருத்தம் அதில் பெரும்பாலானதைக் கலைத்துப் போட்டது. 19க்குக் கை தூக்கிய பலரே 20க்கும் தூக்கினார்கள். பிறகு பொருளாதாரம் சரிந்து, அவர் நாட்டைவிட்டு ஓடி, 2022இல் 21ஆவது திருத்தம் கொஞ்சத்தை மீட்டது. ஒரே அவை, ஒரே தேர்தலில் கிடைத்துவிடும் மூன்றில் இரண்டு பங்கு, ஒப்புதல் தரவோ மறுக்கவோ மாநிலங்கள் கிடையாது. அங்கே 212 என்பது அன்றைய காற்றின் திசையைக் காட்டியது, அவ்வளவுதான். இந்தியாவில் மாநிலங்களவை ஆறு ஆண்டு சுழற்சியில் மெதுவாக மாறுவதால் ஒரு தேர்தலின் கோபமோ மோகமோ சட்டத்தைப் புரட்டிவிட முடியவில்லை. 1978இல் சீர்திருத்தக்காரர்களுக்கு எரிச்சலூட்டிய அதே அவைதான் அவர்கள் செய்ததைப் பிறகு காத்தது.

இப்போது வென்றவர்கள் தனியாகச் செய்தவற்றுக்கு வருவோம். இவை அவ்வளவு அழகாக இல்லை.

ஆட்சிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத 1977 ஏப்ரல் 18 அன்று உள்துறை அமைச்சர் சரண் சிங் ஒன்பது காங்கிரஸ் முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார்: மக்களவைத் தேர்தலில் உங்கள் கட்சி உங்கள் மாநிலத்தில் தோற்றுவிட்டது, எனவே சட்டமன்றத்தைக் கலைக்கப் பரிந்துரை செய்யுங்கள். மாநிலங்கள் உச்ச நீதிமன்றம் போயின, தோற்றன. தற்காலிகக் குடியரசுத் தலைவர் ஜாட்டி சற்றுத் தயங்கி, ஏப்ரல் 30 அன்று கையெழுத்திட்டார். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சியைக் கலைத்ததைக் கண்டித்தவர்கள், மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் அதே பிரிவு 356ஐ ஒரே நாளில் ஒன்பது முறை பயன்படுத்தினார்கள். 1980 பிப்ரவரி 17 அன்று இந்திரா அதே வாதத்தை எடுத்து அதே எண்ணிக்கையில் ஒன்பது மாநில அரசுகளைக் கலைத்தார். அதில் எம்.ஜி.ஆரின் அரசும் ஒன்று. கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பியது போலிருந்தது. (எம்.ஜி.ஆர். மே மாதத் தேர்தலில் வென்று திரும்பிவிட்டார். மக்களவைக்கு ஒரு மாதிரி, சட்டமன்றத்துக்கு ஒரு மாதிரி வாக்களிப்பார்கள் என்ற எளிய உண்மை இரு அரசுகளின் வாதத்தையும் சேர்த்து உடைத்தது.)

கைதும் அப்படித்தான். 1977 அக்டோபர் 3 அன்று இந்திராவைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு என்ன? தேர்தலுக்கு ஜீப் வாங்கியதும் ஓர் எண்ணெய் ஒப்பந்தமும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைச் சிறையில் அடைத்ததற்கும் அந்த வழக்குக்கும் தொடர்பே இல்லை. மறுநாளே நீதிபதி, காவலில் வைக்க ஆதாரமில்லை என்று விடுவித்தார். 1978 நவம்பரில் சிக்மகளூர் இடைத்தேர்தலில் வென்று அவர் மக்களவைக்கு வந்தார். டிசம்பர் 19 அன்று உரிமை மீறல் என்று சொல்லி வெளியேற்றி, கூட்டத்தொடர் முடியும்வரை திகார் சிறையில் வைத்தார்கள். அதற்குக் காரணம், மகன் சஞ்சய் காந்தியின் மாருதி கார் நிறுவனம் தொடர்பான நாடாளுமன்றக் கேள்விக்குத் தகவல் திரட்டிய அதிகாரிகளை 1975இல் தொந்தரவு செய்தது. பெரிய குற்றத்துக்குச் சிறிய வழக்கு போட்டால் அந்த வழக்கு விழும்; விழும்போது பெரிய குற்றமும் சேர்ந்து சிறிதாகத் தெரியும். ஒடுக்கியவர் என்ற பெயரோடு போனவரை ஒடுக்கப்பட்டவராக ஆக்கியது ஜனதாவின் இந்த இரண்டு கைதுகள்தாம். 1981இல் மக்களவை அந்த வெளியேற்றத் தீர்மானத்தையே ரத்து செய்தது.

இத்தனைக்கும் கையில் நல்ல ஆதாரம் இருந்தது. நெருக்கடி நிலையின் அத்துமீறல்களை விசாரிக்க 1977 மே 28 அன்று அமைத்த ஷா கமிஷன் 1978இல் மூன்று அறிக்கைகள் தந்தது. விசாரணையின்றிச் சிறைவைக்க உதவிய மிசா சட்டத்தில் அடைபட்டவர்கள் 34,988 பேர். பாதுகாப்பு விதிகளின் கீழ் கைதானவர்கள் 75,818 பேர். 1976-77இல் செய்த கருத்தடை அறுவைகள் 81 லட்சத்துக்கு மேல். இலக்கே 43 லட்சம்தான். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக் காவல் ஆணைகளை எப்படி நிரப்பினார்கள், பிறகு கோப்பில் காரணங்களை எப்படி முன்தேதியிட்டு ஒட்டினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்திரா கமிஷன் முன் வந்து, உறுதிமொழி எடுக்க மறுத்துவிட்டார். அறிக்கையை வைத்து வழக்கு நடத்தத் தனி நீதிமன்றச் சட்டம் வந்தது 1979 மே மாதத்தில். ஜூலையில் மொரார்ஜி தேசாய் பதவி விலகிவிட்டார். அறிக்கைக்கும் வழக்குக்கும் இடையில் கடந்த மாதங்களில் ஜனதாக்காரர்கள் யார் பிரதமர், யார் ஆர்.எஸ்.எஸ். உறுப்பினர் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாறியபின் அறிக்கைகள் புழக்கத்திலிருந்தே மறைந்துபோயின. தேடிப் பிடித்து 2010இல் மறுபடி அச்சேற்றியவர் நம்மவர், இரா. செழியன். சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகளை அடித்ததை விசாரித்தது தனி ஆணையம். கம்பனில் தோய்ந்தவராகத் தமிழர்கள் அறிந்த நீதிபதி மு.மு. இஸ்மாயில் அதை நடத்தினார். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தச் சிறையில் பட்ட அடிக்குப் பிறகு உயிர் பிழைக்கவில்லை.

ஆனாலும் 1980இல் தி.மு.க. யாரோடு கூட்டணி வைத்தது? "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக" என்று கருணாநிதி அழைத்தார். தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐ அந்த அணி வென்றது. இதைச் சந்தர்ப்பவாதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் அந்த அழைப்பின் இரண்டாம் பாதியைக் கவனிப்பதில்லை. 1977இல் வட இந்தியா இந்திராவைத் துடைத்தெறிந்தபோது தமிழ்நாடு அவருடைய அணிக்கு 34 இடங்கள் கொடுத்தது. கட்டாயக் கருத்தடையின் கொடுமை உத்தரப் பிரதேசத்திலும் ஹரியானாவிலும் வீடு வீடாக இறங்கியதைப் போல இங்கே இறங்கவில்லை. ஒரே ஆட்சியை நாட்டின் ஒரு பாதி கொடுங்கோலாகவும் மறுபாதி ஒழுங்காகவும் நினைவு வைத்திருந்தது. மீட்பு என்று பேசும்போது எல்லோரும் ஒரே பொருளை இழந்தார்கள் என்று எண்ணிக்கொள்வது தவறு. பலர் 1980இல் கேட்டது நிலையான ஆட்சி. நம்பிக்கை பற்றி அவர்களுக்கு அப்போது பெரிய கவலை இல்லை. இரண்டும் வேறு வேறு சரக்குகள்.

ஜனதா அரசு அதிகம் பாராட்டப்படாமல் செய்த ஒரு நல்ல காரியம் உண்டு. 1973இல் மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராயைத் தலைமை நீதிபதியாக்கியதில் தொடங்கியது நீதித்துறையின் சரிவு. 1978 பிப்ரவரியில் அடுத்து வரவேண்டியவர் ஒய்.வி. சந்திரசூட், ஜபல்பூர் வழக்கின் நால்வரில் ஒருவர். அவரை ஆக்கக் கூடாது என்று கடும் எதிர்ப்பு இருந்தது. அரசு மூப்பு வரிசையையே பின்பற்றியது. நமக்குப் பிடிக்காத நீதிபதியைத் தாண்டுவது நியாயம் என்று அன்று ஆரம்பித்திருந்தால் அடுத்த அரசுக்கும் அதே நியாயம் கிடைத்திருக்கும். அந்தச் சந்திரசூட் தலைமையிலான அமர்வுதான் 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில், நாடாளுமன்றத்தின் திருத்த அதிகாரம் வரம்பற்றது என்ற 42ஆவது திருத்தப் பிரிவை அடித்தது. 356ஐ நீதிமன்றம் ஆராயக் கூடாது என்றிருந்த உட்பிரிவை 44ஆவது திருத்தம் நீக்கியிருந்தது. ஆட்சிக் கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் தீர்ப்பு வர அது வழி திறந்தது. அதற்குப் பிறகுதான் ஆட்சிக் கலைப்பு அபூர்வமானது.

காவல்துறை பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் நடந்ததும் சுருக்கம்தான். 1977 நவம்பரில் தர்ம வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையம் அமைத்தார்கள். 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள். பணியிட மாற்றத்தை அரசியல்வாதி கையிலிருந்து எடுங்கள் என்பதே சாரம். எந்த அரசும் எடுக்கவில்லை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. மாநிலங்கள் சட்டம் இயற்றி அவற்றை நீர்த்துப்போகச் செய்தன.

கடைசியாகத் தடுப்புக் காவல். மிசாவை 1978இல் நீக்கினார்கள். ஆனால் நீக்குவதற்கு முன்பே, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் தடுப்புக் காவலை நிரந்தரமாகச் செருகும் மசோதாவை ஜனதா அரசே கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றது. 1979 அக்டோபரில் கள்ளச்சந்தைக்காரர்கள் மீது தடுப்புக் காவல் அவசரச் சட்டம் வந்தது. பிரதமர் அப்போது சரண் சிங், மிசா காலத்தில் தானே சிறையில் இருந்தவர். 1980இல் இந்திரா தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு 14ஆம் எண் சட்டத்தை இயற்றியது. நாம் குண்டர் சட்டம் என்கிறோம். கள்ளச்சாராயக்காரர், குண்டர், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர் என்று தொடங்கி, திருட்டு விசிடி, மணல் கடத்தல், இணையக் குற்றம் என்று பின்னால் வந்த அரசுகள் அதை நீட்டிக்கொண்டே போயின. வழக்கு விசாரணை இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். நாட்டிலேயே தடுப்புக் காவலை அதிகம் பயன்படுத்தும் மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. மிசாவில் அடிபட்டதைப் பெருமையோடு சொல்லும் கட்சி ஆண்டபோதும் அது ஓயவில்லை. உயர் நீதிமன்றத்தில் இந்த ஆணைகள் ரத்தாகிற விதத்தைப் பார்த்தாலே போதும்: தந்த நகல் படிக்க முடியவில்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம். அதற்குள் பல மாதங்கள் உள்ளே கழிந்திருக்கும்.

44ஆவது திருத்தத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவு, அரசமைப்பின் பிரிவு 22ஐ மாற்றுகிறது: காவல் ஆணைகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் மூன்று மாதம் வைக்கலாம் என்பது இரண்டு மாதமாகும், கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும், தலைவர் பதவியில் இருக்கும் நீதிபதியாக இருக்க வேண்டும். இரு அவைகளும் நிறைவேற்றின, குடியரசுத் தலைவர் ஒப்பினார். எப்போது நடைமுறைக்கு வரும் என்பதை மட்டும் மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கலாம் என்று விட்டிருந்தார்கள். இதை அறிவிக்கும்படி அரசுக்குக் கட்டளையிட முடியாது என்று 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புது மசோதாவும் வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கும் வேண்டாம். ஒரு பக்க அறிவிக்கை போதும். திருத்தத்தின் பெரும்பகுதி 1979 ஜூன் 20 அன்று நடைமுறைக்கு வந்தது. 3ஆம் பிரிவுக்கு இன்றுவரை எந்த அரசும் நாள் குறிக்கவில்லை.